ராத்தாவின் கொப்பி

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சங்கத்திலிருந்து எங்களுக்குத் தந்த தலைப்பு "வைத்தியத் துறையில் நம் மாணவிகள்" என்பதுதான். அதைப் பற்றிப் பேச எங்களைவிடத் தகுதியான ராத்தாமார் மூன்று பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அதனால் வேறொன்றைப் பேச அனுமதி கேட்டோம். "லினக்ஸா? அதென்ன, ஒரு நோயா?" என்று செயலாளர் கேட்டார். நோய் இல்லை. ஆனால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினோம்.

"நாங்கள்" என்று சொல்வது ஐந்து பேரை. ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் தொடங்கிய சிநேகிதம். ஒருத்தி டொக்டர், ஒலிவாங்கியின் முன்னால் நிற்பது அவள்தான். ஒருத்தி கணித ஆசிரியை. ஒருத்தி வீட்டில் கேக் செய்து விற்கிறாள். ஒருத்தி அரச அலுவலகத்தில் வேலை. ஐந்தாமவள் டோஹாவில், இப்போது வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்களில் கொம்பியூட்டர் படித்தவர் ஒருவரும் இல்லை. இருந்தும் பதினைந்து வருசத்துக்கு மேலாக எங்கள் ஐந்து பேரின் வீட்டுக் கொம்பியூட்டரிலும் ஓடுவது வின்டோஸ் இல்லை, லினக்ஸ்.

அது என்ன என்பதை விளங்கப்படுத்த, முதலில் ஒரு கொப்பியின் கதையைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் உயர்தரம் விஞ்ஞானப் பிரிவுக்கு வந்தபோது, மூன்று வருசம் முன்னால் படித்த ஒரு ராத்தாவின் விலங்கியல் கொப்பி எங்கள் கைக்கு வந்தது. மட்டை போய், அரிசிச் சாக்கின் நூலால் தைத்திருந்த கொப்பி. ஊரடங்கு என்றும் கரண்ட் இல்லை என்றும் ரியூசன் நின்று நின்று நடந்த காலம் அது. அந்தக் கொப்பிதான் எங்களுக்குப் பாதி டீச்சர். முதல் பக்கத்தில் ராத்தா நீல மையில் மூன்று வரி எழுதியிருந்தா. இதை யாரும் படிக்கலாம். படித்த பிறகு அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். பிழை கண்டால் அழிக்காமல் பக்கத்தில் திருத்தி எழுத வேண்டும்.

எங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்தவர்கள் சொன்னபடியே செய்திருந்தார்கள். ஓரங்களில் பச்சை மை, பென்சில், சிவப்பு மை. "இந்தப் படத்தில் நாடியும் நாளமும் மாறிக் கிடக்கு, கவனம்" என்று ஒரு கை. "போன வருசப் பேப்பரில் இதைத்தான் கேட்டது" என்று இன்னொரு கை. எங்களிடம் வரும்போது அந்தக் கொப்பி, ராத்தா முதலில் எழுதியதைவிட நல்ல கொப்பியாக இருந்தது. ராத்தாவுக்கு அதில் ஒரு நட்டமும் வரவில்லை. அவ அதற்குள் பல்கலைக்கழகத்தில் இருந்தா.

அதே வகுப்பில் இன்னொருத்தி தன் கொப்பியைப் பிறவுண் பேப்பர் போட்டு மூடி, ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள். அதில் இருந்த பிழை பரீட்சை மண்டபம் வரைக்கும் அவளோடு போனது. அவளும் இங்கேதான் இருக்கிறாள், சிரிக்கிறாள். அதனால் இதைச் சொல்கிறோம்.

லினக்ஸும் அதைச் சுற்றியுள்ள மென்பொருள்களும் ராத்தாவின் கொப்பி மாதிரி. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் பூட்டி வைக்க முடியாத ஒரு முழு மென்பொருள் தொகுதியை எழுதப் போகிறேன் என்று அறிவித்துத் தொடங்கினார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்தில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், கொம்பியூட்டரின் அடிப்படை இயக்கத்துக்கான ஒரு மென்பொருளை எழுதி, எல்லாரும் பார்க்க வெளியில் விட்டார். அதுதான் லினக்ஸ். இரண்டும் சேர்ந்து, உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் ஓரத்தில் திருத்தம் எழுதி எழுதி வளர்ந்தவை. இன்று உங்கள் கைப்பையில் இருக்கும் அன்ட்ரொயிட் போனின் அடியில் ஓடுவது லினக்ஸ். உலகத்தின் மிக வேகமான 500 சுப்பர் கொம்பியூட்டர்களும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

இதைக் கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் சொல்கிறோம். நாலு உரிமை அதில் உண்டு. எந்தத் தேவைக்கும் பாவிக்கலாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம். பிரதி எடுத்து மற்றவருக்குக் கொடுக்கலாம். திருத்தலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். ராத்தா மூன்று வரியில் எழுதியதுதான்.

இனி, எங்களுக்கு இது எப்படி வந்தது என்று சொல்கிறோம்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். இந்த மண்டபத்தில் இருக்கும் யாருக்கும் அந்தக் காலையை விவரிக்கத் தேவையில்லை. நம் மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல். கடற்கரைப் பள்ளிவாசல் பக்கம், மருதமுனை, சாய்ந்தமருது என்று யார் வீட்டில் யார் இல்லை என்றே தெரியாத நாட்கள். எங்களில் ஒருத்தி அப்போது பேராதனையில் மருத்துவ மாணவி, விடுமுறைக்கு ஊரில் நின்றாள். அகதி முகாமான ஒரு பாடசாலையில் எங்களுக்குத் தந்த வேலை பட்டியல் எழுதுவது. பெயர், வாப்பாவின் பெயர், எந்த வட்டாரம், கடைசியாக எங்கே கண்டது. மாணவர் கொப்பியைக் கிழித்து எழுதினோம், சுவரில் ஒட்டினோம். அடுத்த முகாமிலும் அப்படித்தான் ஒட்டியிருந்தார்கள். ஒரே பெயரில் எத்தனையோ பாத்திமாக்கள். ஒரு உம்மா எங்கள் சுவரில் மகளைத் தேடி அழுதுவிட்டுப் போனா. அந்த மகளின் பெயர் இரண்டு மைல் தள்ளியிருந்த முகாமின் சுவரில் மூன்று நாளாக இருந்தது. இரண்டு பட்டியலையும் ஒன்றாகப் பார்க்க எங்களிடம் வழி இல்லை.

அதே நாட்களில் கொழும்பில் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் என்ற அமைப்போடு சேர்ந்த தொண்டர்கள், சரியாக இந்தப் பிரச்சினைக்காக ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெயர் சஹனா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனோர் பதிவு, முகாம் பதிவு, எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது, எந்த இடத்துக்கு என்ன தேவை என்று எல்லாப் பட்டியலையும் ஒரே இடத்தில் சேர்த்துத் தேட அது வழி செய்தது. சில நாட்களுக்குள் எழுதினார்கள். எழுதி முடித்துப் பூட்டி வைக்கவில்லை. 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அங்கே பாவித்தார்கள். 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே வருசம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா, 2010இல் ஹெய்ட்டி. ஒவ்வொரு இடத்திலும் அங்குள்ளவர்கள் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொண்டார்கள். 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அமைப்பு சஹனாவுக்குக் கொடுத்தது.

இதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையில் கேட்டபோதுதான் எங்களுக்கு அந்தச் சுவர் ஞாபகம் வந்தது. நம் கடற்கரையின் துயரத்திலிருந்து எழுதப்பட்ட ஒன்று ஹெய்ட்டியின் உம்மாமாருக்கும் போய்ச் சேரும் என்றால், அப்படி எழுதும் முறையில் ஏதோ நன்மை இருக்கிறது என்று நினைத்தோம்.

அந்தக் காலத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுதியை, கேட்டவருக்கெல்லாம் சீடியில் இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். முத்திரைச் செலவும் அவர்களுடையது. நாங்களும் கேட்டோம். சில வாரம் கழித்து விடுதிக்கு ஒரு கடித உறை வந்தது. உள்ளே சீடிகள். ஒன்றுக்கு மேல் அனுப்பியிருந்தார்கள், மற்றவருக்குக் கொடுப்பதற்காக. அதுவரை எங்களுக்குத் தெரிந்த சீடி, கடையில் நூறு ரூபாய்க்கு வாங்கும் களவுப் பிரதிதான். வின்டோஸ், ஒபிஸ், பட வேலைக்கு ஒன்று என்று எல்லாம் அப்படித்தான். 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கொம்பியூட்டர் மென்பொருளையும் காக்கிறது. சட்டம் கிடக்கட்டும். ஒரு பழம் விலை கேட்காமல் எடுத்தால் உம்மா கையில் தட்டுவா. அந்தச் சீடியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. எங்களுக்கும் உறுத்தவில்லை. தபாலில் வந்த உறையைத் திறந்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது.

ஆனால் உடனே மாறவில்லை. எங்களை மாற்றியது வேறொரு இரவு. கணித ஆசிரியையான எங்கள் தோழி தவணைப் புள்ளிகளை எல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றி, அறிக்கை கொடுக்கும் நாளுக்கு முதல் நாள் இரவு பென் டிரைவைத் திறக்கிறாள். கோப்புகள் எல்லாம் சின்ன அம்புக்குறி போட்ட வெற்றுக் குறுக்குவழிகளாக நிற்கின்றன. கடைக்கடையாகச் சுற்றிய பென் டிரைவில் வந்த வைரஸ். இரவு பதினொரு மணிக்குப் போன் எடுத்து அழுதாள். அலுமாரியில் கிடந்த உபுண்டு சீடியைப் போட்டு அந்த மடிக்கணினியைத் தொடக்கினோம். லினக்ஸில் அந்த வைரஸ் ஓடாது. மறைத்து வைக்கப்பட்டிருந்த கோப்புகள் அப்படியே தெரிந்தன. புள்ளிகள் முழுவதும் இருந்தன. அன்று முதல் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து மற்ற மூவரும் வந்தார்கள்.

இப்போது எங்கள் நாளாந்தம் எப்படி என்று கேட்பீர்கள். பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை என்பதே உண்மை.

நாங்கள் பாவிப்பது லினக்ஸ் மின்ட். பத்து வருசம் பழைய மடிக்கணினி, நாலு ஜிபி ராம். அதில் தாராளமாக ஓடுகிறது. கடிதம், கணக்கு, விளக்கப் படம் எல்லாம் லிப்ரே ஒபிஸில். இன்டர்நெட்டுக்கு பயர்பொக்ஸ். கேக் பெட்டியில் ஒட்டும் லேபலை எங்கள் தோழி இங்க்ஸ்கேப்பில் வரைகிறாள், போட்டோவுக்கு கிம்ப். தமிழ் தட்டச்சுக்கு நம் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது, ஒலிமுறையும் இருக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறினபோது, டொலரில் சந்தா கட்டி மென்பொருள் பாவித்த நண்பர்கள் தவித்தார்கள். எங்களுக்கு அந்த மாதமும் போன மாதம் மாதிரித்தான் இருந்தது, பதின்மூன்று மணித்தியாலக் கரண்ட் வெட்டைத் தவிர.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாள் எங்கள் ஒரு மடிக்கணினியில் வைபை வரவில்லை. போனைக் கேபிளால் கொழுவி இன்டர்நெட் எடுத்து, தேவையானதை இறக்கிச் சரிப்படுத்த ஒரு பின்னேரம் போனது. வாங்குமுன் கேட்காமல் வாங்கிய ஒரு பிரின்டர் கடைசிவரை ஒத்துழைக்கவில்லை; இப்போது அது மச்சானின் கடையில் இருக்கிறது. வேர்டில் செய்த படிவங்கள் சிலவேளை கட்டம் தப்பி வரும். சில வைத்தியக் கருவிகளோடு வரும் மென்பொருள் வின்டோஸில் மட்டுமே ஓடும். அதற்கு வேலைத்தளத்தில் ஒரு வின்டோஸ் கொம்பியூட்டர் இருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று பாமினி. அலுவலகங்களிலிருந்தும் பாடசாலைகளிலிருந்தும் வரும் கடிதங்களில் பல இன்றும் பாமினி எழுத்துருவில். அது இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குவியல். "உங்கட லினக்ஸ் தமிழைக் கெடுத்துப் போட்டுது" என்று எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் சொன்னார். அதே கடிதம் அவருடைய போனிலும் அப்படித்தான் வந்தது. பாமினி ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த பழைய முறை. யுனிகோட்டில் எழுதினால் உலகத்தில் எங்கும் தமிழாகவே திறக்கும். சங்கத்தின் அடுத்த சுற்றுநிருபத்தை யுனிகோட்டில் அனுப்பும்படி செயலாளரிடம் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

இனி நாங்கள் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறோம்.

மாலையில் நாங்கள் ஒரு சிறிய டிஸ்பென்சரி நடத்துகிறோம். மருந்து உறையில் கையால் எழுதிக்கொண்டிருந்தோம். டொக்டர்மாரின் எழுத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நோயாளர் பதிவுக்கும் மருந்து லேபலுக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைப் போட்டோம். தமிழிலும் லேபல் அடிக்கும் என்பது எங்களுக்குப் பெரிய சந்தோசம்.

ஒரு மாதம் கழித்து, அறுபது வயது தாண்டிய ஒரு உம்மா சீனி வருத்தத்துக்கு வந்தா. வழமையாக ஒழுங்காக மருந்து போடுகிறவ. சீனி மிகக் கூடி, கால் புண்ணும் திறந்திருந்தது. மருந்து போட்டீர்களா என்று கேட்டோம். பையிலிருந்து உறையை எடுத்துக் காட்டினா. குளிசை அப்படியே இருந்தது, இரண்டு மட்டும் குறைவு.

"நாளைக்கு ரெண்டு வேளை எண்டுதானே போட்டிரிக்கி மகள். நாளைக்கே போட்டன். மத்த நாளுக்கு எண்டு ஒண்டும் எழுதல்லியே."

லேபலைப் பார்த்தோம். "நாளைக்கு 2 வேளை" என்றுதான் அச்சடித்திருந்தது. ஒரு நாளுக்கு இரண்டு முறை என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். அகராதிப்படி பிழை இல்லை. ஆனால் நம் ஊரில் நாளைக்கு என்றால் நாளைக்குத்தான். வாசிக்கத் தெரிந்த, சொன்னதைக் கேட்கிற ஒரு உம்மா, எழுதியிருந்தபடியே செய்திருக்கிறா. பிழை அவவிடம் இல்லை. பார்க்காமல் ஒட்டிக் கொடுத்த எங்களிடமும், அந்த ஒரு வரியிலும்தான் இருந்தது.

புண் ஆற ஏழு வாரம் எடுத்தது. கால் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

இதற்கு முன்னால் வேறோர் இடத்தில் வேலை செய்தபோது, காசுக்கு வாங்கிய ஒரு மென்பொருளில் இப்படி ஒரு சொல் பிழையாக இருந்தது. மாற்றித் தரும்படி கேட்டோம். அடுத்த பதிப்பில் பார்ப்போம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அந்தச் சொல் நாங்கள் அங்கிருந்து வரும்வரை மாறவில்லை. எங்களால் அதைத் தொடவும் முடியாது.

இந்த மென்பொருளில் தொட முடிந்தது. அன்று இரவே எங்கள் கணித டீச்சரும் வந்து சேர்ந்தாள். மொழிபெயர்ப்புக்கு என்று ஒரு கோப்பு இருக்கும்; ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் கீழே அதன் தமிழ் வரி. சாதாரணமாக எழுதும் செயலியில் திறந்தோம். தேடினோம். "நாளைக்கு 2 வேளை" என்பதை "தினமும் காலை 1, இரவு 1" என்று மாற்றினோம். அடுத்த நாள் பின்னேரம் வந்த நோயாளருக்குப் புது லேபல் போனது.

அத்துடன் விட்டிருந்தால் எங்கள் டிஸ்பென்சரிக்கு மட்டும் நன்மை. ராத்தாவின் மூன்றாவது வரி ஞாபகம் வந்தது. திருத்தத்தை அந்த மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு அனுப்பினோம். அங்கேதான் ஒரு பெரிய வாக்குவாதம் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து ஒருவர், எங்கள் பக்கத்தில் இதை எல்லாருக்கும் விளங்குமே, ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டார். உம்மாவின் கதையை, பெயர் இல்லாமல், எழுதினோம். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு அவரே எழுதினார்: தன் பாட்டியிடம் அந்த வரியைக் காட்டினாராம், பாட்டியும் "நாளைக்கா?" என்று கேட்டாராம். மூன்று வாரத்தில் எங்கள் வரி ஏற்கப்பட்டது. இப்போது அந்த மென்பொருளை யார் எங்கே தமிழில் போட்டாலும் "தினமும் காலை 1, இரவு 1" என்றுதான் அச்சாகும்.

பெருமைப்பட்டு, அடுத்த கிழமை நாங்கள் நாற்பது வரியை ஒரே இரவில் மொழிபெயர்த்து அனுப்பினோம். இருபத்து மூன்று வரி திரும்பி வந்தது. சந்திப் பிழை, ஒருமை பன்மை மயக்கம், ஒரு இடத்தில் மருந்தின் அளவையே மாற்றி எழுதியிருந்தோம். இந்தப் பாடசாலையில் தமிழ் டீச்சரின் சிவப்பு மையைப் பார்த்து வளர்ந்தபடியால் கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது. மருந்து அளவைப் பிடித்தவர் எங்களைவிட வயதில் சிறிய ஒரு மாணவர். அவருக்கு நன்றி எழுதிவிட்டு, ஒருத்தி மொழிபெயர்க்க இன்னொருத்தி சரிபார்ப்பது என்று அன்று வைத்த முறையைத்தான் இன்றும் வைத்திருக்கிறோம். வெள்ளி இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு, ஒரு மணித்தியாலம். டோஹாத் தோழிக்கு அது வேலை முடியும் நேரம். "டிஸ்சார்ஜ்" என்பதற்கு என்ன போடுவது என்று ஒரு முழு வெள்ளிக்கிழமை போனது. நாங்கள் ஊரில் "துண்டு வெட்டுவது" என்கிறோம்; அதைப் போட்டால் மட்டக்களப்புக்கு அப்பால் பயப்படுவார்கள். கடைசியில் "வீடு செல்ல அனுமதி" என்று போட்டோம்.

இந்த வேலையில் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. எங்களுக்கு முன்னால் ஓரத்தில் எழுதிய கைகள் பல. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி அவர்கள், இன்டர்நெட்டில் தமிழ் தெரியாமல் கட்டம் கட்டமாக வந்த காலத்தில் "தேனீ" என்ற யுனிகோட் எழுத்துருவைச் செய்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2006இல் காலமானார். நம் நாட்டவரான இ. மயூரநாதன் அவர்கள் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அத்திவாரம் போட்டார். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் என்று எதையும் விடாமல் மின்வடிவில் சேர்க்கிறது. அந்தத் தளமும் விக்கிப்பீடியா ஓடும் அதே கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகிறது.

எங்கள் துறையிலும் அப்படித்தான். 2020 ஜனவரியில் கொரோனா வரத் தொடங்கியபோது, நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டி.எச்.ஐ.எஸ். 2 என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்து, வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பின்தொடர்வதற்கு ஏற்றபடி நம் நாட்டு வைத்தியர்களும் தொழினுட்பவியலாளர்களும் மாற்றி அமைத்தார்கள். அதைப் பார்த்து வேறு பல நாடுகள் பாவித்தன. சஹனாவுக்குப் பிறகு, நம் நாட்டிலிருந்து உலகத்துக்குப் போன இன்னொரு ஓரக் குறிப்பு.

முடிக்குமுன் இந்த நூற்றாண்டு வருசத்தில் சங்கத்திடம் மூன்று கோரிக்கை.

முதலாவது, பாடசாலையின் கொம்பியூட்டர் அறை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக நின்றுவிட்டன. அங்குள்ள கொம்பியூட்டர்கள் வின்டோஸ் 11 ஏற்காத பழையவை. "புதிதாக இருபது வாங்கிக் கொடுப்போம்" என்று வெளிநாட்டில் உள்ள சகோதரிகள் பெரிய மனத்தோடு சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமையை எங்களுக்குத் தாருங்கள். நாங்கள் நாலு பேரும் பென் டிரைவோடு வருகிறோம். பிள்ளைகளின் கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு, ஓடக்கூடியவற்றில் லினக்ஸ் போடுவோம். எத்தனை மிச்சம் என்று பார்த்த பிறகு, குறைகிறதை மட்டும் வாங்கலாம். மிச்சக் காசில் நூலகத்துக்கு ஒரு அலுமாரி வாங்கலாம். பரீட்சைக்கு வின்டோஸும் தெரிய வேண்டும் என்று டீச்சர்மார் சொல்வது நியாயம். அதற்கு நாலைந்து கொம்பியூட்டரில் அது இருக்கட்டும்.

இரண்டாவது, உங்கள் சொற்கள். இங்கே நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கடல் தொழில் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தாதிமார், கணக்காளர், தையற்காரர் இருக்கிறார்கள். தமிழில் வரும் மென்பொருளில் உங்கள் வேலைக்குரிய சொல் பிழையாகவோ விளங்காமலோ இருந்தால் சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிறோம். அப்படி மாற்றாமல் எழுதி அனுப்புங்கள். எப்படி அனுப்புவது என்று தெரியாவிட்டால் எங்களிடம் தாருங்கள். நாங்கள் விட்டுவிட்டால் அந்த வரி அப்படியே கிடக்கும். ஒரு வரி ஒரு காலைப் போக்கப் பார்த்ததை எங்கள் கண்ணால் கண்டோம்.

மூன்றாவது, இந்த மலர். இதன் பிரதியை நூலகம் திட்டத்துக்குக் கொடுக்க மலர்க் குழு அனுமதி தர வேண்டும். கடல் வந்த நாளில் எங்கள் வீடுகளில் இருந்த பாடசாலை மலர்கள், போட்டோக்கள், சான்றிதழ்கள் எல்லாம் போயின. அடுத்த நூறு வருசத்தில் ஒரு பிள்ளை தேடினால், கடல் எட்டாத ஓர் இடத்தில் இது இருக்க வேண்டும்.

ராத்தாவின் கொப்பிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். எங்களுக்குப் பின்னால் வந்த தங்கச்சிக்குக் கொடுத்தோம். அவள் அடுத்தவளுக்கு. 2004இல் அது கடற்கரைப் பக்கத்து ஒரு வீட்டில் இருந்தது. அந்த வீடும் இல்லை, கொப்பியும் இல்லை. ஆனால் அதை வைத்துப் படித்தவர்களில் நாலு பேர் டொக்டர். மூன்று பேர் விஞ்ஞான டீச்சர். அவர்களிடம் படித்த பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அந்த ராத்தாவும் இருக்கிறா, மூன்றாவது வரிசையில். அவவிடம் கேட்காமல் இந்தக் கதையைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் மூன்று வரியையும் நாங்கள் மறக்கவில்லை ராத்தா. சனிக்கிழமை கொம்பியூட்டர் அறைக்கு நீங்களும் வாருங்கள்.